சூளைக்கு முன்

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போகும் நெடுஞ்சாலைக்கு உறக்கம் கிடையாது. புது வண்டிகளை அடுக்கிய நீண்ட லாரிகளும், கிரானைட் பாளங்களைச் சங்கிலியால் இறுக்கிய டிரெய்லர்களும், ஷிப்டு மாறும் நேரத்தில் பறக்கும் கம்பெனி பஸ்களும் இரவும் பகலும் ஓடுகின்றன. அந்தச் சாலையை விட்டு ஒரு மண்பாதையில் இறங்கினால், ஓர் ஏரியின் கீழ்க்கரையில், தகரமும் தென்னங்கீற்றும் கலந்து வேய்ந்த கொட்டகை ஒன்று இருக்கிறது. சாலையின் இரைச்சல் அங்கே தொலைவில் பெய்யும் மழைபோலக் கேட்கும். உள்ளே ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும். அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெரியவர் என்னிடம் தமிழில் பேசுவார், வீட்டம்மாவைத் தெலுங்கில் கூப்பிடுவார், பெங்களூர் வண்டியில் வந்து இறங்குகிறவர்களுக்குக் கன்னடத்தில் விலை சொல்வார். குயவர், கும்மரி, கும்பார என்று மூன்று மொழியிலும் அவருக்குப் பெயர் உண்டு. எல்லைப் பூமியின் அழகு அது.

எரேமியாவின் பதினெட்டாம் அதிகாரத்தைச் சிறு வயதிலிருந்தே ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்டு வளர்ந்தவன் நான். குயவன் வீட்டுக்குப் போகச் சொல்லி இறைவாக்கினரை ஆண்டவர் அனுப்புகிற அதிகாரம். எத்தனையோ பிரசங்கங்களில் அது என் காதைத் தாண்டிப் போயிருக்கிறது. பிரசங்கிகள் அவசரமாகப் பாடத்துக்குப் போய்விடுவார்கள், பானையைப் பார்க்க அவர்களுக்கு நேரம் இருக்காது. இந்தக் கொட்டகையில் ஒரு மணைப்பலகையைப் போட்டு உட்கார்ந்த பிறகுதான் அந்த வசனங்களின் ருசி எனக்குத் தெரிய ஆரம்பித்தது. வாருங்கள், கொஞ்சம் தள்ளி உட்காருகிறேன். நீங்களும் பாருங்கள்.

முதலில் 'இறங்கு' என்ற சொல். எருசலேம் மலைமேல் இருக்கும் நகரம். எரேமியாவுக்கு வந்த கட்டளையில், எபிரேய மூலத்தில் இருக்கும் வினை வெறுமனே 'போ' அன்று, 'இறங்கிப் போ'. குயவனுக்குத் தண்ணீர் வேண்டும், மண் வேண்டும், புகை ஊருக்குள் போகாத இடம் வேண்டும். மூன்றும் பள்ளத்தில்தான் கிடைக்கும். ஆலயமும் அரண்மனையும் மேட்டில் இருக்க, சொல்ல வேண்டிய சேதியை ஆண்டவர் பள்ளத்தில் வைத்திருக்கிறார். நம் ஊர்களிலும் குயவர் வீடுகள் பெரும்பாலும் ஏரியை ஒட்டித்தான் இருக்கும். நெடுஞ்சாலையின் உயரத்திலிருந்து இந்தக் கொட்டகைக்கு நான் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அந்த ஒற்றை வினைச்சொல் காலில் இடறுகிறது. இனிமையான இடறல்.

அடுத்தது மண்ணை மிதிக்கும் காட்சி. ஏரி வண்டலைக் கொண்டுவந்து, கல்லும் வேரும் பொறுக்கி, ஊறவைத்து, மெல்லிய மணல் கலந்து, பெரியவர் அதன்மேல் ஏறி நிற்பார். குதிகால் முதலில் அழுந்தும், பிறகு பாதம் முழுவதும் பதிந்து, விரல்கள் பிரிந்து வெளியே வரும். நடுவிலிருந்து விளிம்புக்கு, விளிம்பிலிருந்து நடுவுக்கு, கோலம் போடுகிறவளின் கையைப் போல ஒழுங்கான வட்டங்கள். உள்ளே அகப்பட்ட காற்று சின்னச் சின்ன முனகலோடு வெளியேறும். இறைவாக்கினர் ஏசாயா இந்தக் காலைப் பார்த்திருக்கிறார். அவருடைய 41-ஆம் அதிகாரத்தில், வடக்கிலிருந்து வரும் ஒருவன் அதிபதிகளைக் குயவன் களிமண்ணை மிதிப்பதுபோல மிதிப்பான் என்று வருகிறது. மிதித்தல் என்றதும் நமக்கு அழிவுதான் தோன்றும். ஆனால் அவர் எடுத்த உவமை, மிதிபட்ட பிறகே உருவம் கொள்ளும் ஒரு பொருளைப் பற்றியது. அந்தப் பாதத்தின் கீழே மண் மெழுகாக இளகுவதைக் கண்ணால் பார்த்தவருக்கு அந்த உவமை பயமுறுத்தாது.

சக்கரத்துக்கு வருவோம். இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிதானமாக நிற்கப் போகிறேன்.

எரேமியா பார்த்த சக்கரத்துக்கு எபிரேயத்தில் 'ஓப்னாயிம்' என்று பெயர். 'இரண்டு கற்கள்' என்று பொருள். எபிரேயத்தில் இருமைக்குத் தனி விகுதி உண்டு. ஒருமையும் அல்லாத, பன்மையும் அல்லாத அந்த இரட்டை எண்ணில் அமைந்த சொல் இது. கீழே குழியுள்ள ஒரு கல், மேலே அந்தக் குழிக்குள் பொருந்திச் சுழலும் முனையுள்ள இன்னொரு கல். இன்றைய இஸ்ரேலில் உள்ள ஆத்சோரில் நடந்த அகழாய்வில் ஒரு குயவரின் பணிக்கூடத்தில் இப்படிப்பட்ட கருங்கல் இணை ஒன்று கிடைத்திருக்கிறது. பக்கத்திலேயே ஒரு மண் முகமூடியும் கிடைத்தது. பானை வனைந்த கை ஓய்வாக ஒரு முகத்தையும் வனைந்து பார்த்ததோ என்னவோ. காலப்போக்கில் காலால் உதைத்துச் சுழற்றும் சக்கரம் வந்தது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட சீராக்கின் ஞான நூல் அந்தக் குயவரை ஆசையோடு வரைகிறது: காலால் சக்கரம், கையால் மண், மனசெல்லாம் மெருகின்மேல், சூளையைச் சுத்தம் செய்யத் தூக்கத்தை இழக்கிறவர். இவர்கள் இல்லாமல் ஊர் நிலைக்காது என்று சொல்லிவிட்டு, ஆனால் சபையில் இவர்களைக் கூப்பிட மாட்டார்கள் என்றும் அது சொல்கிறது. அந்த 'ஆனால்' இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அப்படியே இருக்கிறது.

ஓப்னாயிம் என்ற சொல் எபிரேய வேதாகமம் முழுவதிலும் இரண்டே இடங்களில்தான் வருகிறது. ஒன்று எரேமியாவின் குயவன் வீடு. மற்றொன்று யாத்திராகமத்தின் முதல் அதிகாரம். அங்கே அது பிள்ளை பெறும் பெண் உட்காரும் மணை! குழந்தை பிறக்கும் இருக்கைக்கும் பானை பிறக்கும் இருக்கைக்கும் ஒரே பெயர். இதைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் சும்மா இருந்தேன். பிறகு, நம் பாட்டிகள் இதை ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்களே என்று பட்டது. பிறந்த குழந்தையைத் தொட்டுத் தூக்க வருகிறவர்களிடம், "பார்த்துடா, பச்ச மண்ணு" என்பார்களே, அந்தப் பச்சை மண். சூளைக்குப் போகாத பானையைக் குயவர்கள் பச்சைப் பானை என்கிறார்கள். அதே பச்சைதான் தொட்டிலிலும் கிடக்கிறது. எகிப்தில் இருந்த எபிரேய மருத்துவச்சியும் தருமபுரிப் பக்கத்துப் பாட்டியும் ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே உவமையின் இரு ஓரங்களைப் பிடித்திருக்கிறார்கள்.

சுற்றும் சக்கரத்தின் நடுவில் மண் எழும் கணத்தைப் பாருங்கள். பெரியவரின் இரு கட்டைவிரல்களும் மண்ணின் உச்சியில் மெல்ல அமிழ்கின்றன. ஒரு குழி பிறக்கிறது. உள்ளே நான்கு விரல், வெளியே நான்கு விரல், நடுவே மண் ஒரு மூச்சைப்போல உயர்கிறது. முதலில் வயிறு, பிறகு தோள், பிறகு கழுத்து, கடைசியில் ஈரத்துணியை விளிம்பில் ஒற்றியதும் வாய். பானையின் உறுப்புகளுக்கெல்லாம் தமிழர் உடலின் பெயர்களைத்தான் வைத்திருக்கிறார்கள். இந்தச் செயலுக்கென்றே நம்மிடம் ஒரு வினை இருக்கிறது: வனைதல். வீட்டைக் கட்டலாம், துணியை நெய்யலாம், பானையை வனைய வேண்டும். எபிரேயத்தில் இதற்கு இணையான வினை 'யாத்சர்', குயவன் 'யோத்சேர்'. ஆதியாகமத்தில் ஆண்டவர் மண்ணிலிருந்து மனிதனை ஆக்கும்போது வருவதும் இதே யாத்சர்தான். மண்ணுக்கு 'அதமா', மனிதனுக்கு 'ஆதாம்'. செவிக்கே புரிந்துவிடும் உறவு. நம்மிடம் புழங்கும் பழைய தமிழ் வேதாகமம் எரேமியாவில் 'வனைந்து' என்று அழகாகச் சொல்லிவிட்டு, ஆதியாகமத்தில் 'உருவாக்கி' என்று பொதுச்சொல்லுக்குப் போய்விட்டது. அங்கேயும் 'வனைந்து' என்று இருந்திருந்தால் முதல் மனிதனின் கழுத்தில் ஈர விரலின் தடம் நமக்குத் தெரிந்திருக்கும். மொழிபெயர்த்த பெரியவர்கள்மேல் எனக்குள்ள ஒரே சின்ன மனத்தாங்கல் இது.

ஒருநாள் பெரியவர் ஒரு பெரிய பானையை எழுப்பிக்கொண்டிருந்தார். தோள் வளையும் இடத்தில் மண் ஒரு பக்கமாகத் தளர்ந்தது. ஒரு சிறு கல்லாக இருக்கலாம், ஈரம் கூடியிருக்கலாம். சக்கரம் சுற்றச் சுற்றப் பானை நோயாளிபோலத் தள்ளாடியது. அவர் முகம் மாறவில்லை. இரு கையாலும் அதை அணைத்துப் பிடித்து அமுக்கினார். பானை மறுபடி ஒரு கவளம் மண்ணாகிச் சக்கரத்தின் நடுவில் உட்கார்ந்தது. விரலால் தடவி உறுத்தியதை எடுத்து எறிந்துவிட்டு மீண்டும் கட்டைவிரலை வைத்தார். இந்த முறை பானை வரவில்லை, அகன்ற வாயுள்ள சட்டி வந்தது.

"வேஸ்ட் ஆகாதுங்களா?" என்று கேட்டேன்.

"மண்ணு எங்கீங்க வேஸ்ட் ஆவுது? எங்க பையன் சிப்காட்டுல வேலை பார்க்கிறான். அவங்க கம்பெனியில இதுக்கு ரீவொர்க்குன்னு பேருங்களாம்" என்று சிரித்தார்.

ஓசூர்க்காரர்களுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. 1980-களில் லாரியும் இருசக்கர வண்டியும் கைக்கடிகாரமும் செய்யும் ஆலைகள் வந்து இந்த ஊரின் முகமே மாறியது. அளவில் பிசகிய பொருளுக்கு இங்கே இரண்டு விதி: திருத்த முடிந்தால் ரீவொர்க், முடியாவிட்டால் ஸ்கிராப். எரேமியாவின் கண் பார்த்தது அந்த ரீவொர்க்கைத்தான். இப்போது அவர் எழுதியிருக்கும் நுட்பத்தைக் கவனியுங்கள். பானை கெட்டுப்போனது எங்கே என்றால், குயவனின் கையில். தரையில் விழுந்து கெடவில்லை. யார் தவறு என்று அவர் ஆராயவில்லை. கையை விட்டு மண் இறங்கவேயில்லை. பிறகு வந்தது பழைய பானையன்று, தனக்குச் சரி என்று பட்டபடி குயவன் செய்த வேறொரு பாண்டம். இந்த 'வேறொரு' என்ற சொல்லில் எத்தனை கருணை! தொழிற்சாலையின் ரீவொர்க், வரைபடத்தில் உள்ள அதே பொருளை மீண்டும் கேட்கும். குயவன் வீட்டு ரீவொர்க்கில் பானையாக முடியாத மண்ணுக்குச் சட்டியாக வழி உண்டு. யூதா நாட்டைப் பற்றி ஆண்டவர் சொன்னது அதுதான்: நீங்கள் திரும்பினால் நானும் என் எண்ணத்தை மாற்றிக்கொள்வேன்.

எல்லாம் சூளைக்கு முன்புவரைதான். வெயிலில் காய்ந்து கல்போல இறுகிய பச்சைப் பானையைக்கூடத் தண்ணீரில் போட்டால் சில மணி நேரத்தில் கரைந்து சேறாகிவிடும். வள்ளுவருக்கும் இந்தப் பானையைத் தெரியும். வஞ்சகத்தால் சேர்த்த பொருளை, சுடாத மண்கலத்தில் ஊற்றிவைத்த நீருக்கு ஒப்பிட்டவர் அவர். ஆனால் சூளையில் வெப்பம் 450 முதல் 600 டிகிரி செல்சியஸைத் தொடும்போது, களிமண்ணின் அணுக்களோடு பிணைந்திருந்த நீரும் பிரிந்து போய்விடுகிறது. அதற்குப் பிறகு எத்தனை ஏரியில் ஊறவைத்தாலும் அது மண்ணாகாது. உடைந்தால் ஓடு.

எரேமியாவின் புத்தகத்தைத் தொகுத்தவரின் கைவண்ணம் இங்கேதான் தெரிகிறது. பதினெட்டில் ஈர மண், பத்தொன்பதில் சுட்ட மண். அடுத்தடுத்து வைத்திருக்கிறார். பத்தொன்பதாம் அதிகாரத்தில் எரேமியா காசு கொடுத்து ஒரு குடுவை வாங்கி, ஓட்டுத்துண்டுகளின் பெயர்கொண்ட நகரவாசலுக்கு வெளியே, ஊர்ப் பெரியவர்கள் பார்க்க அதைப் போட்டு உடைக்கிறார். குயவன் பாண்டம் மறுபடி பொருந்தாதது போல, என்கிறார். அந்தக் குடுவைக்கு எபிரேயத்தில் 'பக்புக்' என்று பெயர். வாய் குறுகிய குடுவையிலிருந்து தண்ணீர் சாயும்போது வரும் ஓசையே பெயராகிவிட்டது. நாம் களக், களக் என்போம், அவர்கள் காதில் பக், புக். திட்டங்களை வெறுமையாக்குவேன் என்று அதே அதிகாரத்தில் ஆண்டவர் சொல்லும் வினைச்சொல்லிலும் அந்த ஓசை எதிரொலிக்கிறது. துக்கமான சேதியின் நடுவிலும் ஓசையைக் காதில் வைத்துக்கொண்டிருக்கும் கவிமனம்! இந்தக் கதையைப் பெரியவரிடம் சொன்னபோது, அவர் வீட்டம்மா அடுப்படியிலிருந்து ஒரு தெலுங்குப் பழமொழியை எறிந்தார்: கும்மரிக்கி ஒக ஏடு, குதியக்கு ஒக பெட்டு. குயவனுக்கு ஒரு வருஷம், தடிக்கு ஒரே அடி.

உடைந்த பிறகாவது பானை ஓய்கிறதா? இல்லை. ஏசாயாவின் முப்பதாம் அதிகாரத்தில், அடுப்பிலிருந்து நெருப்பெடுக்கவும் குட்டையிலிருந்து தண்ணீர் மொள்ளவும் ஓர் ஓடுகூட மிஞ்சாதபடி நொறுங்கும் பானை ஒன்று வருகிறது. முழு அழிவைச் சொல்ல வந்தவர், போகிற போக்கில் ஓட்டின் இரண்டு உபயோகங்களையும் சொல்லிவிட்டார். அடுத்த வீட்டுக்கு ஓட்டாஞ்சில்லோடு போய்த் தணல் வாங்கி வந்த தலைமுறை நம்மிடமும் இருந்தது. யோபு தன் புண்களைச் சுரண்டியதும் ஓட்டால்தான். பாபிலோனியர் யூதாவை நெருக்கிய எரேமியாவின் காலத்திலேயே, லாகீசு கோட்டைக்கு வீரர்கள் ஓட்டுத்துண்டுகளில் மையால் கடிதம் எழுதினார்கள். 1935-இல் அவை மண்ணிலிருந்து வெளிவந்தன. பேரரசுகளின் அரண்மனைகள் போன இடம் தெரியவில்லை, ஒரு படைவீரனின் கவலை ஓட்டில் தங்கிவிட்டது.

நம் மாவட்டத்து மண்ணுக்கும் அப்படியொரு நினைவாற்றல் உண்டு. பர்கூர்ப் பக்கம், தொகரப்பள்ளியை ஒட்டிய மயிலாடும்பாறையில் பேராசிரியர் கா. ராஜன் 2003-இல் அகழாய்ந்தார். தமிழ்நாடு தொல்லியல் துறை 2021-இல் மறுபடி அகழாய்ந்தது. அங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022 மே மாதம் சட்டப்பேரவையில் முதலமைச்சர் அறிவித்தபோது, எல்லோரும் இரும்பைப் பற்றியே பேசினார்கள். எனக்கு அதே ஆய்வின் இன்னொரு வரிதான் இனித்தது: கருப்பு-சிவப்புப் பானைகள் இரும்புக்காலத்துக்கும் முன்பே, புதிய கற்காலத்தின் கடைசிப் பகுதியிலேயே இங்கு வந்துவிட்டன. எரேமியா குயவன் வீட்டுக்கு இறங்குவதற்குச் சுமார் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய கைகள்.

அந்தப் பானையின் அழகை எப்படிச் சொல்வது! வெளியே மாலைச் செம்மை, உள்ளேயும் வாயோரத்திலும் மழைமேகக் கருப்பு. இரண்டும் சந்திக்கும் கோடு கோடாக இருக்காது, ஒன்றில் ஒன்று கரைந்து புகைந்திருக்கும். இந்த இரு நிறமும் சாயத்தால் வந்தவை அல்ல. பானையைச் சூளையில் கவிழ்த்து வைப்பார்கள். காற்று படும் வெளிப்புறத்தில் மண்ணிலுள்ள இரும்புச்சத்து சிவக்கும். காற்று புகாத உட்புறத்தில் தழையின் புகையும் கரியும் படிந்து கருக்கும். ஒரே மண், ஒரே நெருப்பு, காற்று தொட்டதும் தொடாததும் மட்டுமே வித்தியாசம். நெருப்பைத் தூரிகையாகப் பிடித்தவர்கள் அவர்கள்.

பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, தம்மிடமுள்ள பொக்கிஷம் மண்பாண்டத்தில் இருக்கிறது என்கிறார். மலிவான, தட்டினால் உடையும் பாத்திரத்தில் விலையில்லாத பொருள். உவமை என்றுதான் நினைத்திருந்தேன். 1947-இல் சாக்கடல் ஓரத்துக் கும்ரான் குகையில், ஆடு மேய்த்த பெதுயின் இளைஞர்களுக்கு உயரமான மண்சாடிகள் அகப்பட்டன. ஒரு சாடிக்குள் தோலில் எழுதிய ஏசாயாவின் முழு ஏடு இருந்தது. விரித்தால் ஏழு மீட்டருக்கு மேல் நீளம். நாங்கள் களிமண், நீர் எங்களை வனைகிறவர் என்று ஏசாயாவின் அறுபத்து நான்காம் அதிகாரம் சொல்கிறதே, அந்த அதிகாரமும் அந்த ஏட்டில் இருக்கிறது. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் அந்த வாக்கியத்தைப் பூச்சியும் ஈரமும் தின்னாமல் மடியில் வைத்துக் காத்தது ஒரு களிமண் சாடி. அதை வனைந்தவர் பெயர் யாருக்கும் தெரியாது.

சாயங்காலம் ஆகிவிட்டது. பெரியவர் சட்டியின் அடியில் நூலைக் கொடுத்து அறுத்து, உள்ளங்கைகளில் ஏந்தி, நிழலில் வைக்கிறார். ஓசூர்க் குளிரில் பானை மெதுவாகத்தான் காயும். அது நல்லதாம், அவசரமாகக் காய்ந்தால் விரிசல் விடுமாம். சூளை அடுத்த வாரம்.

மாம்பழக் காலத்துக்கு முன்னால் அந்தப் பக்கம் போவீர்களானால், சாலையிலிருந்து இறங்கி ஒரு தண்ணீர்ப் பானை வாங்குங்கள். வாங்குமுன் விரல் கணுவால் அதன் வயிற்றில் ஒரு தட்டுத் தட்டி, காதை அருகில் வைத்துக் கேளுங்கள். நன்றாக வெந்த பானை கணீரென்று பதில் சொல்லும்.